பானகத்துக்கு விளம்பரம்

பிள்ளைகள் வியாபாரம் பழகட்டும் என்று பள்ளியில் ஒருநாள் சந்தை போட்டார்கள். ஏழாம் வகுப்பு கோகிலவாணி பானகம் விற்றாள். சிறப்பு விருந்தினராக வந்த ஜவுளிக்கடை முதலாளி நாச்சிமுத்து இரண்டு டம்ளர் குடித்தார்.

"இருபது ரூபாய்ங்க."

"நான் குடிச்சதே உனக்கு விளம்பரம். அதுக்கு மேல காசா?" என்றார் அவர்.

உடனே, கூட வந்தவர்களும் சும்மா குடிக்கக் கை நீட்டினார்கள். குடம் காலியாகிவிடுமே என்று நினைத்தாள் கோகிலவாணி.

"சரிங்கய்யா" என்றவள், சாக்பீஸை எடுத்துப் பலகையில் எழுதினாள்: 'ஜவுளிக்கடை ஐயா காசு தராமல் குடித்த பானகம்.'

"என்னம்மா இது?"

"விளம்பரந்தாங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முறைத்த நாச்சிமுத்துவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாருக்கும் சேர்த்தே காசு கொடுத்தார். கோகிலவாணி 'தராமல்' என்பதை அழித்துவிட்டு, 'தந்து' என்று எழுதினாள்.