ஒன்பது நாள் சுண்ணாம்பு

ஷாம் தேசத்தில், இன்றைய சிரியா பக்கம், ஓர் ஊரில் மாரிஸ்தான் கட்டினார்கள். மாரிஸ்தான் என்றால் அந்தக் காலத்து ஆஸ்பத்திரி. ஊர்ப்பெயர் எனக்குத் தெரியாது. சொன்னவரும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இடம் பார்த்ததே ஒரு கதை. ஹக்கீம் புர்ஹான் என்று ஒரு வைத்தியர். ஊரில் ஏழு இடத்தில் ஆட்டிறைச்சியைக் கட்டித் தொங்கவிட்டார். எந்த இடத்து இறைச்சி கடைசியாக நாறியதோ, அங்கே காற்று சுத்தம், அங்கேயே கட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். அது அமீர் குதிரை ஓட்டிப் பழகும் மைதானம். ஊரை ஆள்கிறவர் ஆயிற்றே, முனகிக்கொண்டேதான் கொடுத்தார்.

கட்டடமும் யோசித்துக் கட்டியதுதான். வாசலில் நுழைந்தால் நேராக உள்ளே போக முடியாது. இரண்டு தடவை திரும்ப வேண்டும். தெருப் புழுதியும் தெருச் சத்தமும் அந்தத் திருப்பத்திலேயே நின்றுவிடும். உள்ளே பெரிய முற்றம், நடுவில் தண்ணீர்த் தொட்டி, நாலு பக்கமும் நாலு கூடம். ஒவ்வொரு கூடமும் முற்றத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். மற்ற மூன்று பக்கமும் சுவர், மேலே செங்கல்லில் வளைத்த கூரை. கண் நோய்க்கு ஒன்று, எலும்பு முறிந்தவர்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. வடக்கே பார்த்த பெரிய கூடம் காய்ச்சல்காரர்களுக்கு. அதற்குள் வெயில் எட்டியே பார்க்காது.

அந்தப் பெரிய கூடத்துக் கூரையைக் கட்டியவர் மவ்தூத். வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருடம் கோட்டைச் சுவர் எழுப்பியவர். கூரை வளைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று, தாடி நரைத்த பிறகு உஸ்தாத் ஸாபித்திடம் சீடராகச் சேர்ந்தார். உஸ்தாதுக்கு வயது முப்பத்தொன்பது. சீடர் குருவை உஸ்தாத் என்பார், குரு சீடரை அண்ணே என்பார். ஊர் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருத்தருக்கும் ஒரு செங்கல் வைக்கத் தெரியாது, அது வேறு விஷயம்.

உஸ்தாதிடம் ஒரு கண்டிப்பு உண்டு. சுண்ணாம்பு நாற்பது நாள் குழியில் தண்ணீரோடு கிடக்க வேண்டும். முப்பத்தொன்பதாவது நாள் தொட்டாலும் கையைத் தட்டிவிடுவார். சரியாக நீறாத சுண்ணாம்பில் குருணை இருக்கும். கட்டடத்துக்குள் போன பிறகு என்றைக்கோ ஈரம் பட்டால் அது பொங்கும். பொங்கினால் செங்கல்லைத் தள்ளும்.

அந்த வருடம் ஊரில் விஷக்காய்ச்சல் வந்தது. அமீர் திறப்பு நாளை இரண்டு மாதம் முன்னால் இழுத்துவிட்டார். உஸ்தாத் அப்போது பக்கத்து ஊரில் பள்ளிவாசல் மினாரா வேலையில் இருந்தார். இங்கே பொறுப்பு மவ்தூதிடம். கூரையில் பின்சுவரை ஒட்டிப் பன்னிரண்டு வரிசை பாக்கி. நாற்பது நாள் குழி காலி. அடுத்த குழிக்கு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

மவ்தூத் ஒரு பகல் முழுக்க அந்தக் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஒன்பது நாள் சுண்ணாம்பையே எடுத்தார். நன்றாக அரைத்து, தானே குழைத்து, பன்னிரண்டு வரிசையையும் தன் கையாலேயே கட்டி முடித்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அது நிற்கலாம். திறப்பு அன்றைக்கே விழலாம். மழைக்காலம் வரை பொறுத்து விழலாம். மவ்தூதுக்கே தெரியாது.

திறப்பு நாள் வியாழக்கிழமை. நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் கூரையை அடியிலிருந்து தாங்கும் மர முட்டுகளைத் தளர்த்துவதென்று ஏற்பாடு. வாசலுக்கு வெளியே வண்டிகளில் அறுபது நோயாளிகள் கிடந்தார்கள். முந்தின நாள் எழுபது பேர் இருந்தார்களாம்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். முட்டுகளைத் தளர்த்தும்போது, கூரையைக் கட்டியவர் அதன் கீழே நிற்க வேண்டும். நின்று, கூரையும் நின்றால், குரு அவர் இடுப்பில் கச்சை கட்டுவார். அன்றிலிருந்து அவரும் உஸ்தாத். மவ்தூதின் மனைவி இதைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பாவம், முப்பது வருடம் கொத்தன் பெண்டாட்டியாக இருந்தவள், சொல்லாமல் என்ன செய்வாள்.

திறப்புக்காகத் திரும்பியிருந்த உஸ்தாத் கூடத்தைச் சுற்றி வந்தார். முட்டுகளைக் கையால் தட்டிப் பார்த்தார். கச்சைத் துணி அவர் தோளில் கிடந்தது.

"அண்ணே, சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்லை, உஸ்தாத்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? நான்தானே கட்டினேன், நான்தானே நிக்கப்போறேன்."

உஸ்தாத் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு விலகி முற்றத்துக்குப் போய்விட்டார்.

மவ்தூத் பின்சுவர் ஓரமாகப் போனார். அந்தப் பன்னிரண்டு வரிசைக்கு நேர் கீழே நின்றார். வேறு எங்கே நின்றிருந்தாலும் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். விழுந்தால் என் தலையில் விழட்டும், அதைவிட நியாயம் உலகத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் லேசானது.

மொத்தம் இருபத்திரண்டு முட்டு. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு ஆப்பு. ஆப்பில் கயிறு கட்டி முற்றத்திலிருந்து இழுத்தார்கள். முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. அமீர் நாற்காலியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். ஹக்கீம் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கூரையைவிட வண்டிகள் மேல்தான் கவலை.

பதினாறாவது ஆப்பு உருவியபோது மேலே எங்கோ டக்கென்றது. மவ்தூதின் பிடரியில் ஒரு சிட்டிகை மணல் விழுந்தது. கயிறு பிடித்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"இழுங்க" என்றார் மவ்தூத்.

பதினேழு. பதினெட்டு. இருபத்திரண்டாவது ஆப்பும் வந்துவிட்டது. கூரை அசையவில்லை.

முற்றத்தில் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். அமீர் எழுந்து நின்றார். மவ்தூத் வெளியே வந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. முட்டுகளையும் சட்டங்களையும் பிரித்து வெளியே அடுக்கச் சாயங்கால அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. கூடத்தைப் பெருக்கிப் பாய் விரித்தார்கள்.

"கச்சையைக் கட்டுங்க உஸ்தாத், நேரமாகுது" என்றார் அமீர்.

"கட்டலாம். முதல் நோயாளியை இவரே தூக்கிட்டு வந்து படுக்க வைக்கட்டும். அப்புறம் கட்டறேன்."

மவ்தூத் ஹக்கீமைப் பார்த்தார். "எங்கே படுக்க வைக்கணும்?"

"காய்ச்சல் உச்சத்துல இருக்கிறவங்க எல்லாரும் பின்சுவர் ஓரம். அங்கேதான் குளிர்ச்சி. அதுக்குத்தானே வடக்கே பார்த்துக் கட்டச் சொன்னேன்."

மவ்தூத் பின்சுவரைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை மாதம் அந்தக் கூடத்திலேயே கிடந்தும், யார் எங்கே படுப்பார்கள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

வாசலுக்குப் போனார். முதல் வண்டியில் ஒரு சாயக்காரர். முழங்கை வரை நீலம் ஏறிய கை. மூன்று நாளாக ஒரு வாய்க் கஞ்சி இறங்கவில்லை என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். மவ்தூத் அவரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். சட்டையையும் தாண்டி அந்தச் சூடு நெஞ்சில் பட்டது. வாசலில் ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம், முற்றம். சாயக்காரரின் தலை அவர் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. நிமிர்த்தி வைத்தாலும் திரும்பச் சாய்ந்தது.

"யாருங்க?" என்றார் சாயக்காரர். கண் திறக்கவில்லை.

"இந்தக் கூடத்தைக் கட்டின கொத்தன்."

"நல்லா இருப்பீங்க. இனிமே உங்க பொறுப்பு."

பின்சுவர் ஓரம் பாய் கிடந்தது. சற்று முன் மவ்தூத் நின்ற அதே இடம். அவர் குனிந்தார். பாதிக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன நிக்கிறீங்க? படுக்க வையுங்க. பின்னாலே ஐம்பத்தொன்பது பேர் இருக்காங்க" என்றார் ஹக்கீம்.

"இங்கே வேண்டாம்."

"ஏன்?"

மவ்தூத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். கையில் இருந்தவர் கொஞ்சம் சரிந்தார். சாயக்காரரைக் கீழே போட்டுவிடுவாரோ என்று இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அவர் விடவில்லை. தூக்கிக்கொண்டே திரும்பி முற்றத்துக்கு வந்தார். தொட்டியோரம் நிழலில் அவரைப் படுக்க வைத்தார். பிறகு அமீருக்கு முன்னால் போய் நின்றார்.

"பின்சுவரை ஒட்டின பன்னிரண்டு வரிசை ஒன்பது நாள் சுண்ணாம்பு. நான்தான் கட்டினேன். வேற யாருக்கும் தெரியாது. அதுக்குக் கீழே யாரையும் படுக்க வைக்காதீங்க."

அமீருக்குச் சுண்ணாம்பு பற்றி என்ன தெரியும். அவர் உஸ்தாதைப் பார்த்தார். உஸ்தாத் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"இத்தனை பேரை சாவு வாயிலே வைக்கப் பார்த்தியா? எதுக்கு மறைச்சே?"

"நீங்க நாளை முன்னால இழுத்தீங்க. குழியில சுண்ணாம்பு இல்லை."

"இல்லைன்னு சொல்லியிருந்தா நான் என்ன, உன் கழுத்தையா வெட்டியிருப்பேன்?"

மவ்தூதுக்கும் அது தெரியும். வெட்டியிருக்க மாட்டார். தாமதம் என்று ஊர் பேசியிருக்கும், உஸ்தாத் திரும்பி வந்து இன்னும் ஒரு மாதம் பொறு என்றிருப்பார், கச்சை தள்ளிப்போயிருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"இந்த ஊரில் இனி இவன் ஒரு கல் தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அமீர் போய்விட்டார். போகிற போக்கில் நாற்காலியை ஓர் உதை விட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் வேலை. வெளியே அடுக்கிய முட்டுகள் திரும்ப உள்ளே போயின. பின்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்து, நடுவே கயிறு கட்டி மறித்தார்கள். முற்றத்தில் துணிப்பந்தல் போட்டார்கள். கண் கூடத்தில் பத்துப் பேர், எலும்புக் கூடத்தில் பத்துப் பேர், பெண் நோயாளிகள் பெண்கள் கூடத்தில், மீதிப் பேர் பந்தலில். ஹக்கீம் திட்டிக்கொண்டே இடம் காட்டினார். மவ்தூதும் தூக்கினார். யாரும் அவரோடு பேசவில்லை, அவரைத் தடுக்கவும் இல்லை. வெயில் இறங்குவதற்குள் அறுபது பேரும் படுத்துவிட்டார்கள்.

மவ்தூத் தொட்டியில் கை கழுவினார். உஸ்தாத் பக்கத்தில் வந்து நின்றார். தோளில் கச்சைத் துணி இல்லை.

"நாளைக்குப் பிரிச்சிடுவீங்களா?" என்று கேட்டார் மவ்தூத்.

"பிரிக்கணும். பன்னிரண்டு வரிசையையும்."

"உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

"சுண்ணாம்பு தெரியாது. நீங்க எதையோ முழுங்கிட்டு நிக்கிறீங்கன்னு தெரிஞ்சது."

மவ்தூத் ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உஸ்தாத், பட்டம் போகட்டும். ஊர் போகட்டும். தப்புத்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா நான் மத்தவங்க உயிரை மட்டும் பணயம் வைக்கலையே. அந்தப் பன்னிரண்டு வரிசைக்குக் கீழே தேடிப் போய் நின்னேன். மண்ணு விழுந்தப்பவும் நகரலை, இழுங்கன்னேன். என் உயிரையும்தானே வச்சேன். அது கொஞ்சம்கூடச் சேராதா?"

உஸ்தாத் பந்தலுக்குள் பார்த்தார். அங்கே சாயக்காரருக்கு ஹக்கீம் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார்.

"நின்னீங்க அண்ணே. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்க கால் ரெண்டும் கடைசி வரைக்கும் முற்றத்தைப் பார்த்தே நின்னுது, வேணும்னா வெளியே ஓடி வந்திருக்கலாம். அவரைத் தூக்கிட்டு வந்தீங்களே, அவரு கால் எந்தப் பக்கம் பார்த்துச்சு?"