டிக் போடாத மூன்று வாக்கியங்கள்

நசீமா மிஸ்ஸுக்கு வயது இருபத்தாறு. அவரிடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்க வந்த தணிகாசலத்துக்கு நாற்பத்தொன்பது. லிஃப்ட் மெக்கானிக். இங்கிலீஷ் பேசினால்தான் சூப்பர்வைசர் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இன்டர்வியூ.

வகுப்பு நாலாவது மாடியில். நாங்கள் எல்லோரும் லிஃப்டில் வருவோம். கொஞ்ச நாளாக அவர் மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்.

"லிஃப்ட் மெக்கானிக் படியேறி வர்றது, பரோட்டா மாஸ்டர் வீட்ல இருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவர்ற மாதிரி இருக்கு அங்கிள்" என்று எங்களோடு படிக்கும் பிரவீணா கிண்டலடிப்பாள்.

"உடம்புக்கு நல்லதும்மா" என்பார்.

புதன்கிழமை ஒரு வார்த்தையோடு வந்தார்.

"மிஸ், கான்ஷியன்ஸ்னா மனசாட்சி. அது தெரியுது. எங்க, எப்படி யூஸ் பண்றதுன்னுதான் தெரியல."

"மூணு வாக்கியம் எழுதுங்க."

எழுதினார். என் மனசாட்சி சுத்தமானது. மனசாட்சிப்படி நடக்க வேண்டும். மனசாட்சி கடவுளின் குரல். எல்லாம் இங்கிலீஷில்.

மிஸ் படித்தார். "கிராமர் சரி."

டிக் போடவில்லை.

"என்ன தப்பு மிஸ்?"

"தப்பே இல்ல. இன்னும் யூஸ் பண்ணல, அவ்ளோதான்."

எனக்கே எரிச்சல் வந்தது. ஒரு டிக் போட்டால் என்ன குறைந்துவிடும்? பாவம் மனுஷன்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தோம். லிஃப்டுக்குள் ஒரு அட்டை தொங்கும். மாதாமாதம் சோதித்துப் பார்த்த மெக்கானிக் அதில் கையெழுத்துப் போட வேண்டும். மிஸ் உள்ளே போய் அட்டையைப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமா மிஸ்."

"வாங்க, சேர்ந்தே இறங்கலாம்."

"நான் படியில வரேன்."

"முட்டி?"

"பரவால்ல மிஸ். நீங்க..."

"சரி, நாங்க போறோம்." பிரவீணாவும் ஏறினாள். மிஸ் கம்பிக்கதவை இழுத்தார்.

தணிகாசலம் நடுவில் கையை விட்டார். கதவு விரலை நசுக்கியது. கையை எடுக்கவில்லை.

"இறங்குங்க மிஸ். பிரேக் தேஞ்சு போச்சு. கம்பெனியில பார்ட்ஸ் கேட்டேன். அடுத்த மாசம் வரும், இப்ப கையெழுத்தப் போடு, பிரமோஷன் நேரத்துல தகராறு பண்ணாதேன்னாங்க. போட்டுட்டேன்."

அட்டையில் இருந்த தேதிப்படி பதினெட்டு நாளாக நாங்கள் அதில்தான் ஏறி இறங்கினோம். திட்ட வேண்டும் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். திட்ட முடியவில்லை.

மிஸ்ஸும் திட்டவில்லை. "முதல்ல அதை நிறுத்துங்க" என்றார்.

அவர் மொட்டை மாடிக்குப் போய் மெயினை ஆஃப் செய்துவிட்டு வந்தார். மிஸ் படியில் உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார். அவர் விரலில் தன் கர்சீப்பைச் சுற்றிக் கட்டினார்.

"பிரமோஷன் போச்சு மிஸ்."

"போகலாம்."

"வேலையே போகலாம்."

"ம்."

 தணிகாசலம் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"இப்ப நான் சொன்னேனே, அதை இங்கிலீஷ்ல எப்படி மிஸ் எழுதணும்?"

மிஸ் நோட்டை மூடி வைத்தார். தன் சிவப்புப் பேனாவை அவர் கையில் கொடுத்தார்.

"இதுல வேணாம் சார். அந்த அட்டையில எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க."