சுவரில் நின்ற வெள்ளாடு

வேலமாபுரியை ஆண்ட கொண்டம நாயக்கருக்கு ஓவியம் என்றால் உயிர். ஓவியத்தில் தாமும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஒருநாள் கப்பலில் வந்த வியாபாரி ஒருவன் அவருக்கு ஒரு படத்தைக் காணிக்கையாகக் கொடுத்தான். அதில் ஒரு சாலை. இருபுறமும் மரங்கள் போகப் போகச் சிறுத்து, சாலை ஊசிமுனையாகிக் கண்ணுக்கு மறைந்தது. நாயக்கர் படத்தைச் சுவரில் மாட்டச் சொல்லி, அதன் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். வெறும் சுவர்தான் இருந்தது.

உடனே அரண்மனைச் சித்திரக்காரர் பெத்தராசுவைக் கூப்பிட்டார். "சபா மண்டபச் சுவரில் நமது நகர்வலத்தை இப்படியே எழுது. பார்க்கிறவன் தெரு என்று நினைத்து நடந்து போய் மூக்கை இடித்துக்கொள்ள வேண்டும்."

பெத்தராசுவுக்கு அது புது வேலை. அதுவரை அந்த நாட்டுச் சுவர்களில் ஒரே கணக்குத்தான். அரசர் பெரிய உருவம், ராணி அதில் முக்கால், படைத்தலைவரான தளவாய் பாதி, சாமரம் வீசுகிறவள் அரசரின் முழங்கால் உயரம். அந்தஸ்து எவ்வளவோ, அளவும் அவ்வளவு. அந்தக் கணக்கை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, மனிதர் இராப்பகலாக உழைத்தார்.

திரையை விலக்கிய அன்று சபை வாயைப் பிளந்தது. சுவருக்குள் ஒரு தெரு நீண்டு கிடந்தது. கடைகள், மாடங்கள், கூட்டம். தெருக்கோடியில் கோட்டை வாசல். அங்கே யானைமேல் நாயக்கர், உள்ளங்கை அளவில். முன்னால், பார்ப்பவர் காலடியில், ஒரு வெள்ளாடு வாழைத் தோரணத்தை மென்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாகத் தெரிந்தது. காலடியில் நிழல்கூட விழுந்திருந்தது. நாயக்கர் தம்மை மறந்து இரண்டடி முன்னால் வைத்தார்.

சபையின் விகடகவி அம்பலவாணர் ஆட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. தளவாய் சின்னரங்கப்பர் எழுந்துவிட்டார்.

தளவாய் அவ்வளவு நேரமும் சுவரில் தம்மைத்தான் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் யானைக்குப் பக்கத்தில், குதிரைமேல், அவரைக்கொட்டை அளவில் கண்டுபிடித்தார். ஊரே அஞ்சும் மீசை ஒரு புள்ளியாக இருந்தது. அதை வெளியே சொல்ல முடியுமா? ஆகவே வேறு வழியாக வந்தார்.

"மகாராஜா, ஒரு வெள்ளாடு மகாராஜாவைவிடப் பத்து மடங்கு பெரிதாக நிற்கிறது. நாளைக்கு அயல்நாட்டுத் தூதர்கள் வந்தால், இந்த நாட்டை ஆள்வது இந்த இருவரில் யார் என்று கேட்பார்களே."

நாயக்கரின் முகம் கறுத்தது. "பெத்தராசு, என்ன இது?"

"மகாராஜா, கிட்டே இருக்கறது பெரிசு... எட்ட இருக்கறது சின்னது... அந்த வியாபாரி தந்த படத்துல அப்படித்தான்..." என்று இழுத்தார் பெத்தராசு.

"அரசரைச் சிறுமைப்படுத்திய கட்டைவிரல் அந்தக் கையில் இருக்கலாமா?" என்றார் தளவாய்.

"கூடாது. எடுத்துவிடுங்கள்" என்றார் நாயக்கர் கோபத்தில்.

அம்பலவாணர் யோசித்தார். கட்டைவிரல் போனால் பெத்தராசு தூரிகையை எப்படிப் பிடிப்பார்? நாயக்கர் சொன்ன சொல்லைத் திருப்ப மந்திரிகளால் ஆகாது. அவரே சிரித்தால்தான் உண்டு.

"தண்டனை மிகவும் சரி, மகாராஜா" என்று எழுந்தார் அம்பலவாணர். "ஆனால் சாட்சியை விசாரிக்காமல் விரலை எடுப்பது முறையல்லவே. தளவாய் கோட்டை வாசல் வரை ஒரு நடை போய்வரட்டும்."

எல்லோரும் அரண்மனை முகப்புக்கு வந்தார்கள். ஒரு நிஜ ஆட்டைப் பிடித்து வந்து அரசர் பக்கத்தில் கட்டினார்கள். கொளுத்தும் வெயிலில் தளவாய் தெருக்கோடிக்குப் போய், வாசல் காவலர்கள் நடுவே நின்று திரும்பிப் பார்த்தார்.

"மகாராஜா, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். தளவாய் எங்கே?"

நாயக்கர் பார்த்தார். தளவாய் ஆட்டின் இரண்டு கொம்புகளுக்கு நடுவில் அடங்கிப்போய் நின்றார். நாயக்கருக்கு உதடு துடித்தது. அடக்கிக்கொண்டார்.

"அவர் சிறுத்தால் சிறுக்கட்டும் அம்பலவாணரே. நான் சிறுக்கலாமா?"

வேர்க்க விறுவிறுக்கத் தளவாய் திரும்பி வந்தார். அம்பலவாணர் பணிவாகக் கேட்டார். "தளவாய் அவர்களே, வாசலிலிருந்து பார்த்தபோது இந்த ஆடு எப்படித் தெரிந்தது?"

"இதுவா? எலி மாதிரி தெரிந்தது."

"உங்கள் பக்கத்தில் நின்ற காவலர்கள்?"

"ஆளுக்கு ஆள் உயரமாகத்தான். பக்கத்திலேதானே நின்றார்கள்? இதெல்லாம் ஒரு கேள்வியா?"

அம்பலவாணர் எல்லோரையும் மீண்டும் சுவர்முன் அழைத்துப் போனார். "மகாராஜா, இந்தச் சித்திரத்தில் கோட்டை வாசலில் இருப்பவர் தாங்கள். தங்கள் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தாங்கள் பெரியவர், ஆடு எலி. தளவாயே சாட்சி சொல்லிவிட்டார். ஆட்டின் பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் ஆடு பெரிது, தாங்கள் சின்னவர். ஆடுதான் பெரிது என்று இந்தச் சபையில் எழுந்து சொன்னவர் ஒரே ஒருவர். அவர் நிற்பது மகாராஜா பக்கமா, ஆட்டின் பக்கமா என்று அவரையே கேட்டுவிடலாம்."

நாயக்கர் மெல்லத் திரும்பினார்.

"சொல்லும் தளவாய். ஆடு இப்போது எப்படித் தெரிகிறது?"

தளவாய் சுவரைப் பார்த்தார். வாயில் தோரணத்தோடு, அவர் மார்பளவு நின்ற ஆடு அவரையே பார்த்தது.

"எலி மாதிரிதான் தெரிகிறது, மகாராஜா."

நாயக்கர் சிரித்த சிரிப்பில் தலைப்பாகை நழுவியது. கண்ணைத் துடைத்துக்கொண்டே தம் மோதிரத்தைக் கழற்றிப் பெத்தராசுவிடம் நீட்டினார். அதை வாங்கிய பெத்தராசு ஒவ்வொரு விரலாகப் போட்டுப் பார்த்தார். கட்டைவிரலுக்குத்தான் சரியாக இருந்தது.