மானும் மந்தியும் செய்துகொண்ட ஒப்பந்தம்

கோடை முற்றிய ஒரு காட்டில், புல் முழுவதும் கருகிப்போயிருந்தது. அங்கே வாழ்ந்த புள்ளிமான் கூட்டம் மேய ஒன்றுமில்லாமல் வாடியது. மின்னி என்ற பெண்மானுக்கு அப்போதுதான் குட்டி பிறந்திருந்தது. தாய்க்கு இரை இல்லாததால் குட்டிக்கும் பால் போதவில்லை.

ஆற்றங்கரையில் ஓர் அத்திமரம் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. அதில் மந்திகள் குடியிருந்தன. அவை தழையை ஒடித்துக் கொஞ்சம் தின்னும், பழத்தை ஒரு கடி கடிக்கும், மீதியை எறிந்துவிடும். மரம் மடுவின் பக்கம் சாய்ந்திருந்ததால் எறிந்ததெல்லாம் தண்ணீரில் விழுந்து வீணானது.

"அவற்றைக் கரையில் போடச் சொல்லிக் கேட்போம்" என்று மான்கள் முடிவு செய்தன. பேசுவதற்குக் கவரன் என்ற கலைமானை அனுப்பின. கவரனுக்குக் கொம்பும் பெரிது, பேச்சும் பெரிது.

கவரன் மரத்தடியில் நின்று தன் பாட்டனார் காலத்திலிருந்து தொடங்கியது. தங்கள் குலத்தின் பெருமையைச் சொன்னது. தன் கொம்பு விழுந்து முளைத்த கதையைச் சொன்னது. மழைக்காலம் வந்தால் தங்கள் கூட்டம் எப்படிப் பெருகும் என்றும், அப்போது மந்திகளுக்கு என்னென்ன மரியாதை கிடைக்கும் என்றும் விரித்துரைத்தது. தழையைப் பற்றிய பேச்சு வருவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

மந்திகளின் தலைவன் கருமூஞ்சி கொட்டாவி விட்டது. பிறகு எழுந்து உச்சிக் கிளைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

திரும்பி வந்த கவரன், மந்திகளுக்கு நல்ல பேச்சைக் கேட்கும் அறிவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டது.

அன்று மாலை மின்னி தனியாகப் போய் அத்திமரத்தைத் தள்ளி நின்று கவனித்தது. மந்திகள் தாகத்தோடு பாதி மரம்வரை இறங்கின. கரையோரத்து நாணல் அசைந்ததும் பதறி மேலே ஏறின. மறுபடி இறங்கின, மறுபடி ஏறின. சில நாட்களுக்கு முன் தண்ணீர் குடிக்க வந்த ஒரு மந்திக்குட்டியை அந்த நாணலுக்குள் பதுங்கியிருந்த சிறுத்தை கவ்விப் போயிருந்தது. அது காடு முழுவதும் தெரிந்த சேதிதான். ஆனால் அதைப் பற்றிக் கவரன் ஒரு வார்த்தையும் பேசவில்லையே என்று மின்னிக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் மின்னி மரத்தடிக்குச் சென்றது. கவரனும் கூடவே வந்தது.

"நேற்றே என் காது வலித்துவிட்டது. நான் இந்தக் கிளையைக் கடப்பதற்குள் சொல்லி முடி" என்றது கருமூஞ்சி.

மின்னி நிமிர்ந்து பார்த்துச் சொன்னது: "ஐயா, தூரத்தில் வரும் சிறுத்தை உங்கள் கண்ணுக்குத் தெரியும். நாணலுக்குள் படுத்திருப்பது தெரியாது. அதை எங்கள் மூக்கு கண்டுபிடிக்கும். நீங்கள் தண்ணீருக்கு இறங்கும் முன் நாங்கள் போய் மோந்து பார்த்துச் சொல்கிறோம். நீங்கள் மடுவில் எறிவதைக் கரையில் போடுங்கள். இன்று ஒருநாள் பாருங்கள். சரிப்பட்டால் தொடருங்கள்."

கருமூஞ்சி பாதிக் கிளையிலேயே நின்றுவிட்டது. "சிறுத்தை உங்களுக்கும்தானே எமன்? வாசம் வந்தால் நீங்கள் ஓடிவிடுவீர்களே?"

"ஓடத்தான் செய்வோம். கத்திவிட்டு ஓடுவோம். அந்தச் சத்தம் உங்களுக்குப் போதும்."

கருமூஞ்சி யோசித்தது. அந்த மௌனத்தைப் பொறுக்காமல் கவரன் முன்னால் வந்து தொண்டையைச் செருமியது.

"வேண்டாம் அண்ணா, சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று" என்று மின்னி மெல்லத் தடுத்தது.

கருமூஞ்சி நாணல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, இன்று பார்ப்போம்" என்றது.

வெயில் சாய்ந்தபோது மான்கள் கரைக்குப் போயின. காற்று வரும் திசையில் மூக்கை நீட்டின. மின்னியின் உடல் சிலிர்த்தது. அது முன்னங்காலால் தரையை உதைத்துக் கூவிவிட்டு ஓடியது. எல்லா மான்களும் கூவிக்கொண்டு ஓடின. பாதி மரம் இறங்கியிருந்த மந்திகள் ஒரே தாவில் மேலே போய்விட்டன.

தன் இருப்பிடம் தெரிந்துபோனதால் சிறுத்தை நாணலை விலக்கிக்கொண்டு எழுந்தது. மரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அக்கரைக்குப் போய்விட்டது. உச்சிக் கிளையிலிருந்து மந்திகள் அது போகும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தன. அது குன்றுக்கு அப்பால் மறைந்ததும் கருமூஞ்சி குரல் கொடுத்தது. மான்கள் திரும்பி வந்து மீண்டும் மோந்து பார்த்தன. பிறகு மந்திகள் குட்டிகளோடு இறங்கி வயிறு நிறையத் தண்ணீர் குடித்தன.

மரமேறியதும் கருமூஞ்சி தழைத்த கிளை ஒன்றை ஒடித்து மடுவின் பக்கம் எறியாமல் கரையில் போட்டது. அதைப் பார்த்து மற்ற மந்திகளும் தழையும் பழமுமாய்க் கரையில் உதிர்த்தன. மின்னி தன் குட்டியை அருகில் நிறுத்திக்கொண்டு தின்றது. கவரனும் வந்து தின்றது. வாய் நிறையத் தழை இருந்ததால் அது எதுவும் பேசவில்லை.

நீதி: கேட்பவருக்கு எது தேவை என்று அறிந்து சுருக்கமாகச் சொன்னால், சொன்ன காரியம் கைகூடும்.