ஆறாத ஷாஃப்டும் இரண்டு விண்ணப்பங்களும்

ஒரே ஒரு வேலைக்குக் கடைசியில் இரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் எதையோ மறைக்கிறார் என்று கோமளாவுக்குப் பட்டது. அவளுக்கு யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் படும். பட்டுத் தெளிந்தவள்.

கோவையில் மோட்டார் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கோமளா தரச் சோதனைப் பிரிவின் தலைவி. லேத்தில் கடைந்து வரும் ஷாஃப்டுகளை, அதாவது பம்புக்குள் சுழலும் இரும்புத் தண்டுகளை, அளந்து சீட்டு எழுத அவளுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ‘சரி’ என்று எழுதிவிட்டால் அப்புறம் யாரும் திரும்ப அளப்பதில்லை, ஷாஃப்ட் நேரே பம்புக்குள் போய்விடும். ஐ.டி.ஐ. படித்தவர்கள் மட்டும் வரலாம், பொறியியல் பட்டதாரிகள் வர வேண்டாம் என்று விளம்பரத்தில் எழுதியவளும் அவள்தான். முன்பு பட்டத்தை மறைத்துச் சேர்ந்த மூன்று பேர், பெங்களூரிலிருந்து இஞ்சினியர் வேலைக்குப் போன் வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார்கள். “இன்னொருத்தன் ஓடுனான்னா உங்களத்தான் கேப்பேன்” என்று முதலாளி சொல்லி வைத்திருந்தார்.

வந்தவர்களில் யமுனாவுக்கு இருபத்தொரு வயது, போன வருடம் ஐ.டி.ஐ. முடித்தவள். நவநீதனும் போன வருடம் முடித்தவன்தான், ஆனால் வயது இருபத்தேழு. பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஐ.டி.ஐ.க்கும் நடுவே ஆறு வருடத்தைக் காணோம். ‘வேறு படிப்பு’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தான்.

“ஆறு வருஷம் என்ன பண்ணீங்க?”

“தோட்டத்தப் பாத்துட்டு இருந்தனுங்க மேடம்.”

கோமளா அவன் கையைப் பார்த்தாள். மண்வெட்டி பிடித்த கையாகத் தெரியவில்லை.

அப்போதுதான் லேத்திலிருந்து இறக்கிய இரண்டு ஷாஃப்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். இரண்டுமே சரியான அளவுதான். ஆனால் சூட்டில் இரும்பு கொஞ்சம் பருத்திருக்கும், ஆறினால்தான் உண்மையான அளவு தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. போதாததற்கு ஃபோர்மேன் பொன்னுசாமியையும் பக்கத்தில் நிறுத்தினாள்.

“எங்க மிஷின்ல தப்பா வராது அம்மிணி. சரின்னு போட்டுக் குடு” என்று அவர் யமுனாவை நெருக்கினார். யமுனா மூன்று முறை அளந்தாள். அளவு இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாகக் காட்டியது. ‘தள்ளுபடி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பொன்னுசாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அவள் மாற்றவில்லை.

நவநீதன் புறங்கையை ஷாஃப்டின் அருகே கொண்டுபோனான். மேசைமேல் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான். “என்னப்பா, நல்ல நேரம் பாக்கறயா?” என்று பொன்னுசாமி கேலி செய்தும் அசையவில்லை. நன்றாக ஆறிய பிறகு ஒரே ஒரு முறை அளந்து ‘சரி’ என்று எழுதினான்.

கோமளாவுக்குச் சந்தேகம் முற்றியது. “சூட்டோட அளந்திருந்தா எவ்வளவு கூடக் காட்டியிருக்கும்?”

“நாப்பது டிகிரி கூடன்னு வெச்சா, பாயிண்ட் ஜீரோ டூ மில்லிமீட்டருங்க. ஸ்டீலோட கோ-எஃபிஷியன்ட்...” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“எந்தக் காலேஜ்?” என்றாள் கோமளா.

அவன் தலை கவிழ்ந்தது. “பி.இ. மெக்கானிக்கலுங்க மேடம். இஞ்சினியர் வேலைக்குப் போனா அனுபவம் இல்லீங்கறாங்க. இந்த வேலைக்கு வந்தா படிப்பு ஜாஸ்தீங்கறாங்க. அதான் மறுபடியும் ஐ.டி.ஐ. சேந்தேன். வேல கேட்டு வந்ததுல இது எட்டாவது எடமுங்க.”

கோமளாவுக்கு மனசு கரைந்தது. ஓடிப்போன மூன்று பேரும் பட்டம் வெளியே தெரிந்தபோது இதே மாதிரி ஒரு கதை சொன்னார்கள் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

தான் தள்ளியது நல்ல ஷாஃப்ட் என்று தெரிந்ததும் யமுனாவின் கண் கலங்கிவிட்டது. “எங்க ஐ.டி.ஐ.ல லேத் ஓடாதுங்க மேடம். பீரோவுல இருக்கற ஒரே ஷாஃப்டத்தான் எல்லா பேட்சும் அளப்போம். சூடான ஷாஃப்ட இன்னைக்குத்தான் தொடறேன். வேல குடுத்தாத்தானுங்களே இதெல்லாம் பழக முடியும்?”

வேலை தெரிந்தவன் விண்ணப்பத்தில் பொய் எழுதினான். மெய் எழுதியவளுக்கு வேலை தெரியவில்லை. இருப்பது ஒரே இடம். சொல்லுங்கள், கோமளா அதை யாருக்குக் கொடுப்பது சரி?

விடை: யமுனாவுக்கு. ஷாஃப்ட் ஆறும்வரை பொறுக்க வேண்டும் என்பதை ஒரு காலைப்பொழுதில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஃபோர்மேன் நெருக்கியும் தன் கண்ணில் பட்டதைத்தான் அவள் எழுதினாள். யாரும் திரும்பப் பார்க்காத சீட்டில் கையெழுத்துப் போட அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். நவநீதன் கெட்டிக்காரன், பாவமும்கூட. ஆனால் தனக்கு நெருக்கடி வந்தபோது அவன் ‘இல்லை’ என்று பொய் எழுதினான். அவனை அப்படி எழுத வைத்தது கோமளாவின் விளம்பரம். பட்டதாரிகள் வர வேண்டாம் என்ற அந்த வரியை அவள் அடிக்காதவரை, நல்ல வேலைக்காரர்கள் பலர் பொய்யர்களாகத்தான் அவள் முன்னால் வந்து நிற்பார்கள். அவளும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பாள், அந்தச் சந்தேகம் ஒவ்வொரு முறையும் சரியாகவே இருக்கும்.