எந்தக் காதால கேட்டீங்க?

கிரிக்கெட், பிரியாணி, கோர்ட் உத்தரவு என்று எதைப் பற்றியும் முகநூலில் தீர்ப்பு எழுதுகிறவர் சபேசன். கோவில்பட்டி மில் தொழிலாளி செங்கமலம் பாடிய வீடியோவைப் பார்த்து, "இதெல்லாம் பாட்டா? கழுதை தேவலாம்" என்று எழுதினார். ஊரே சிரித்தது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவளைப் பாடக் கூப்பிட்டிருந்த கமிட்டித் தலைவர் வேலாண்டி உடனே அவளுக்குப் போன் போட்டார்.

"சபேசன் சார் நல்லாருக்குன்னு சொன்னாத்தான் மேடை. இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கிடுதோம்."

செங்கமலம் விட்டுவிடவில்லை. மறுநாள், தான் பாடும் வீடியோ இன்னொன்றைப் போட்டு, "ஐயா, குறை இருந்தாச் சொல்லுங்க" என்று பணிவாக எழுதினாள்.

கொஞ்ச நேரத்தில் சபேசன் வந்துவிட்டார். "சரணத்துல சுருதி இறங்குது. குரல்ல கரகரப்பு. பாடுறதை விட்டுடும்மா."

அதன் கீழேயே அவள் எழுதினாள்: "சத்தத்தை எடுத்துட்டு வெறும் வாயசைப்பைத்தான் போட்டேன். எந்தக் காதால கேட்டீங்க?"

அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். சபேசன் கணக்கையே மூடிக்கொண்டு போனார். வேலாண்டி ஓடி வந்தார். "வந்து பாடு தாயி."

"பாடுதேன். எவனோ எழுதினதை நம்பி என்னைய வேண்டாம்னது தப்புன்னு, மொதல்ல நீங்க மைக்குல சொல்லணும்."

கொடையன்று வேலாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊர் முன்னால் அதைச் சொன்னார். அப்புறம்தான் அவள் மேடை ஏறினாள்.