பின்னால் போன டார்பிடோக்கள்

தூத்துக்குடியில் கடலுக்கடியில் போவதைக் கற்றுக்கொடுக்கும் குரு ஒருவர் இருந்தார். பெயர் கிளமென்ட், வயது முப்பத்தொன்று. முழங்கால் போனதால் கப்பல் வேலையை விட்டுக் கரையேறியவர். கம்ப்யூட்டரில் நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டும் விளையாட்டில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் சுடலைமணி. பழைய இரும்பு வியாபாரி, வயது ஐம்பத்தாறு. குருவைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

இந்த வயதில் அவர் விளையாட வந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. மகன் இசக்கிராஜா வீட்டை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. போன் எடுப்பதில்லை. ஞாயிறுதோறும் குருவின் குழுவில் ஏழு பேர் அவரவர் ஊரில் இருந்தபடி ஒரே கடலில் இறங்குவார்கள், மைக்கில் பேசிக்கொள்வார்கள். ராஜா அதில் ஒருவன். உன் அப்பா வரலாமா என்று குரு அவனிடம் கேட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டர் குறி பார்த்துக் கொடுக்காமல், தானே கணக்குப் போட்டு ஒரு கப்பலை அடிக்கட்டும், அப்புறம் வரட்டும் என்றான் அவன்.

அன்று சனிக்கிழமை மத்தியானம். குரு போனபோது சுடலைமணி வீட்டில் காலையில் வாங்கிய இட்லிப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. வேறு ஆள் இல்லை. தண்ணீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் டார்பிடோக் குண்டுகளில் இதுவரை விட்டது பத்தொன்பது. பத்தொன்பதும் கப்பலுக்குப் பின்னால் போய்த் தொலைந்தன. விளையாட்டைச் செய்தவன் பரம்பரையையே திட்டித் தீர்த்தார் சீடர்.

இன்னொரு தரம் அடியுங்கள் என்று சொல்லி, குரு பக்கத்தில் உட்கார்ந்தார்.

சரக்குக் கப்பல் ஒன்று வந்தது. சீடர் சொல்லிக்கொடுத்தபடியே செய்தார். தன் நீர்மூழ்கியை நிறுத்தினார். பெரிஸ்கோப்பில் கப்பலின் மூக்கு நடுக்கோட்டைத் தொட்டதும் கடிகாரத்தைத் தட்டினார். வால் கடந்ததும் நிறுத்தினார். கப்பலின் நீளத்தை அந்த நேரத்தால் வகுத்து, வேகத்தைத் தாளில் எழுதினார். பிழை ஏதும் இல்லை.

குறி வைக்க வேகத்தைக் காட்டும் திருகை நான் திருப்புகிறேன், நீங்கள் எண்ணை மட்டும் சொல்லுங்கள் என்றார் குரு.

“ஏழு.”

குருவின் கை அசையவில்லை.

“ஏழுதான் தம்பி. திருப்புங்க.”

“தாள்ல என்ன வந்துச்சு?”

சீடர் உள்ளங்கையால் தாளை மூடினார்.

“ஒம்பது. அதுக்கு? கப்பலைப் பாத்தீங்கள்ல, துருப்பிடிச்ச டப்பா. அது எங்க ஒம்பதுல போவும்?”

“பத்தொம்பது தடவையும் இப்படிக் குறைச்சீங்களா? அதான் எல்லாம் பின்னால போயிருக்கு.”

“சொன்ன எடையை அப்படியே ஒத்துக்கிட்டவன் எவனாவது இரும்புக் கடை நடத்த முடியுமா?”

“அண்ணாச்சி, கப்பல் உங்ககிட்ட விலைக்கா வந்திருக்கு?”

சீடர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கதவு வரை போனார். வெளியே போய்க் கத்தவும் ஆள் வேண்டுமே. திரையில் கப்பல் போய்க்கொண்டே இருந்தது. திரும்பி வந்து, நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். பல்லைப் பிடுங்கக் கொடுப்பவர் போலச் சொன்னார்.

“ஒம்பது.”

குரு திருப்பினார். சீடர் டார்பிடோவை விட்டார். ஒன்றரை நிமிடம் ஓடியது. கப்பலின் நட்டநடுவில் தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழுந்தது.

சுடலைமணி கத்தவில்லை, குதிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார். நாலு மணிக்கு என்றார் குரு. ராஜா கட்டாயம் வருவானா என்று இரண்டு தடவை கேட்டார். வருவான் என்று இரண்டு தடவையும் சொல்லிவிட்டு, குரு வாசலில் செருப்பைத் தேடினார்.

“தம்பி, அவனும் கையால கணக்குப் போட்டுத்தான் அடிப்பானா?”

“ஆமா.”

“இதுவரைக்கும் எத்தனை கப்பல் அடிச்சிருப்பான்? மூணு, நாலு இருக்குமா?”

கணக்கு குருவின் போனில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

“நீங்களா ஒரு எண்ணைச் சொல்லாதீங்க அண்ணாச்சி. நாளைக்கு அவன் சொல்லட்டும்.”